மாடு இழுக்காத எண்ணெய்

முன்னொரு காலத்தில், கோபம் வருவதற்கு முன்னால் கண்ணீர் வந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் நகர்வலம் போனவர், கண் கட்டிய கிழட்டு மாடு செக்கைச் சுற்றுவதைப் பார்த்தார். செக்குக்குள் தேங்காய்க் கொப்பரை நொறுங்கும் சத்தமும் கேட்டது. அவருக்கு மனசு பொறுக்கவில்லை. சபைக்குத் திரும்பியதும் ஆணையிட்டார்.

"இனி என் நாட்டில் மாடு செக்கிழுக்கக் கூடாது! கொப்பரையையும் நசுக்கக் கூடாது! யாரையும் வதைக்காத எண்ணெய்தான் அரண்மனைக்கு வர வேண்டும்!"

விகடகவி கொழுந்தப்பன் மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த மந்திரி சந்திரசூடர் உடனே எழுந்தார். "மகாராஜா, அந்தச் சாமர்த்தியம் நம் கொழுந்தப்பனுக்குத்தான் உண்டு. நாளைக்குள் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜா தலையசைத்துவிட்டார்.

கொழுந்தப்பன் செக்கடிக்குப் போனான். செக்கு நின்றிருந்தது. செக்காட்டும் செல்லாண்டி அதனடியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வெள்ளையம்மா மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் இறங்கினப்புறம் தங்குற சக்கைங்க ஐயா இது. இருக்கிற சத்தெல்லாம் இதுலதான். இதைத் தின்னுதான் இவன் இத்தனை வருஷம் நிக்கிறான். நாளையிலேருந்து இவனுக்கு என்னத்தைக் குடுப்பேன்?"

மாடு அவள் தோளில் தலையைச் சாய்த்தது. கொழுந்தப்பனுக்குத் தன் கவலையே மறந்துபோயிற்று.

மறுநாள் சபைக்கு, உடைக்காத உருண்டைக் கொப்பரை ஒன்றைப் பட்டுத்துணியில் ஏந்தி வந்தான்.

"மகாராஜா, தாங்கள் கேட்ட எண்ணெய். யாரும் இழுக்கவில்லை, எதையும் நசுக்கவில்லை."

"இது கொப்பரையல்லவா!" என்று கத்தினார் மந்திரி.

"இதில் பாதிக்கு மேல் எண்ணெய்தான், மந்திரியாரே. தங்களுக்கே முதலில் தேய்த்துவிடுகிறேன்." மந்திரியின் தலைப்பாகையைப் பணிவோடு எடுத்துவிட்டு, அவர் வழுக்கைத் தலையில் கொப்பரையை அழுத்தி உருட்டினான்.

"ஐயோ, வலிக்கிறது!"

"கொப்பரைக்கு வலிக்கவில்லையே. ஆணை அதுதானே!"

சபையே சிரித்தது. ராஜா மட்டும், "எண்ணெய் வெளியே வர வேண்டாமா?" என்றார்.

"அதற்குச் செக்கு சுற்ற வேண்டும், மகாராஜா. உலக்கை அழுத்த அழுத்தக் கொப்பரை சூடேறி எண்ணெய் கசியும். மிஞ்சும் பிண்ணாக்குதான் அந்த மாட்டின் சாப்பாடு. செக்கு நின்றதால் அது பட்டினி கிடக்கப் போகிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் ஓய்வுதான்."

ராஜாவின் கண் கலங்கியது. "என் இரக்கமா அதைப் பட்டினி போடப் பார்த்தது? ஆணையைத் திரும்பப் பெறுகிறேன். உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

"செல்லாண்டி வீட்டுக்கு இளங்காளை ஒன்று, மகாராஜா. கிழட்டு மாட்டுக்கு வேலை பாதியாகும்."

அன்று மாலையே ராஜா காளையைத் தாமே பிடித்துக்கொண்டு செக்கடிக்கு வந்தார். கிழட்டு மாட்டுக்குத் தம் கையாலேயே பிண்ணாக்கை நீட்டினார். சொரசொரப்பான நாக்கு உள்ளங்கையில் பட்டதும், கூச்சம் தாளாமல் குழந்தையைப் போலச் சிரித்தார்.