வாத்து கொடுத்த சூடு

சுண்ணாம்பு வாளியோடு எங்கள் குளக்கரை மண்டபத்துக்குள் நுழைந்தவனே, உன்னைத்தான் கேட்கிறேன். சுவரில் வரைந்திருந்த மயிலை விட்டாய், அன்னத்தை விட்டாய், ஒரு நாட்டுக் கோழியைக்கூட விட்டாய். வாத்தின் மேல் மட்டும் ஏன் சுண்ணாம்பு மட்டையை இழுத்தாய்? "முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற பறவைக்கு இங்கே என்ன வேலை" என்று வேறு சொன்னாயாம். வாத்து முட்டை விற்று ஆளானவன் நான். சந்தையில் எவன் என்ன சொன்னாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் கூடையை மூடுவேன். கேள்.

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, வயிற்றில் அதிகச் சூடு உள்ள பறவை வாத்துதான். குளிர்ந்த எதைப் பார்த்தாலும் அதன்மேல் போய் உட்காரத் தோன்றும், அப்படி ஓர் உடம்பு. படித்துறைக் கல்லின் மேல்கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

மண்டபத்தில் திருமேனி என்ற ஓவியர் சுவரெல்லாம் பறவைகளை வரைந்துகொண்டிருந்தார். வாத்து தினமும் வாசலில் போய் நிற்கும்.

"ஐயா, நான் எப்போ?"

"உன்னை எங்கே வைக்கிறது? நடை சரியில்லை, கழுத்தும் குட்டை. இன்னொரு சுவர் கட்டினால் பார்க்கலாம்."

வாத்து கோபப்படவில்லை. நானாக இருந்தால் சாயச் சட்டியைக் கவிழ்த்திருப்பேன்.

ஐப்பசி அடைமழையில் திருமேனிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. தூரிகையைப் பிடித்தால் கை உதறியது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் குளம் முழுக்கக் கேட்டது. மருத்துவச்சி காத்தாயி கஷாயம் கொடுத்துப் பார்த்தாள், தவிட்டு ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கரைக்கு வந்து பறவைகளைக் கூப்பிட்டாள்.

"அடைகாக்கிற வயித்துச் சூடு வேணும். காய்ச்சல் இறங்குற வரைக்கும் அவர் நெஞ்சுல படுத்திருக்கணும். நடுவுல எழுந்தா ஆளு தங்கமாட்டாரு. முழுசாப் படுத்தா அந்தச் சூடு உங்களுக்குத் திரும்பாது. ஒளிக்காமச் சொல்லிட்டேன்."

மயில் தோகை நனைந்திருக்கிறது என்றது. அன்னம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது. வாத்தோ அன்று காலைதான் ஒன்பதாவது முட்டையை இட்டு, முதன்முதலாக அடைக்கு உட்கார்ந்திருந்தது. எழுந்து போனால் ஒன்பதும் கூழ்முட்டை. போகாவிட்டால் அந்தப் பல் சத்தம் நின்றுவிடும்.

புதருக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி இருந்தது. அதன் முட்டைகளை முந்தின நாள்தான் கீரி தின்றுவிட்டிருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வராமல் வெறும் வைக்கோலின் மேல் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, என் முட்டைமேல உட்காருறியா?"

"என்ன தருவே?"

"இப்போ கையில ஒண்ணுமில்லக்கா."

"எப்போடி உனக்குக் கை இருந்துச்சு?" என்றது கோழி. "சரி, உட்கார்றேன். எங்க கணக்கு இருபத்தொரு நாள். இருபத்திரண்டாம் நாள் எழுந்து போயிட்டே இருப்பேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

வாத்து தலையாட்டிவிட்டுப் போனது. வாத்து முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் வேண்டும். அது வாத்துக்கும் தெரியாது, கோழிக்கும் தெரியாது. நாள் தெரியாமல் பேரம் பேசினால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். நின்றிருக்கிறேன்.

இருபத்தொரு நாளும் முடிந்தன. ஒரு முட்டையிலும் கீறல் விழவில்லை. காகம் வந்து சிரித்தது.

"நல்லா ஏமாந்தே. அத்தனையும் கூழ்முட்டை. ஒண்ணை இப்படி உருட்டிவிடு, உடைச்சுப் பார்த்துச் சொல்றேன்."

கோழி எழுந்துவிட்டது. இரண்டடி வைத்தும்விட்டது. பேசினது பேசினபடி, அதன்மேல் தப்பே இல்லை. அப்போது ஒரு முட்டை தானாக அசைந்தது. லேசாகத்தான். கோழி திரும்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"போடா கருவாயா!" என்று காகத்தைக் கொத்தித் துரத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தது. அடுத்த ஏழு நாளும் சரியாக இரை எடுக்கவில்லை. சிவப்புக் கொண்டை வெளுத்துத் தொங்கிப்போனது.

இருபத்தெட்டாம் நாள் ஒன்பதும் பொரிந்தன. மறுநாளே ஒன்பதும் நேராகக் குளத்தில் இறங்கின. கோழி கரையில் இங்கும் அங்கும் ஓடியது.

"ஐயோ, ஏறுங்கடா! முழுகிடுவீங்க! உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

"முழுகாதுக்கா."

வாத்து தள்ளாடிக்கொண்டு வந்தது. பின்னாலேயே திருமேனி நடந்து வந்தார். அவர் கை உதறவில்லை. வாத்து குளத்தைப் பார்த்தது. ஒன்பது. கோழியின் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது. கோழி துள்ளி விலகியது.

"என்னடி இது, கிணத்துக்கல்லு மாதிரி சில்லுனு இருக்கே!"

"இருந்ததைக் கொடுத்துட்டேன்க்கா."

"அப்போ இனிமே போடுற முட்டைக்கு?"

வாத்து குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது.

"என்கிட்ட கொண்டா," என்றது கோழி.

"உனக்கு நான் என்ன தருவேன்?"

"சும்மா இரு. இதுங்க கரையேறினதும் யார் இறக்கைக்குள்ள வருதுன்னு மட்டும் பாரு."

வெயில் சாய்ந்ததும் குஞ்சுகள் கரையேறின. ஒன்பதும் கோழியின் இறக்கைக்குள் ஓடிப் புகுந்தன. வாத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. இன்னும் ஈரமாக இருந்த கடைசிக் குஞ்சை மூக்கால் உள்ளே தள்ளிவிட்டது.

திருமேனி மண்டபத்துக்குள் போய்க் கரித்துண்டை எடுத்தார். சுவரின் நடுவில் தண்ணீரையும், வாத்தையும், ஒன்பது குஞ்சுகளையும் வரைந்தார். கரையில் கழுத்தை நீட்டிக் கத்தும் கோழியை வரைந்தார். வாத்தின் கழுத்தைக் கொஞ்சம்கூட நீட்டவில்லை. உள்ளது உள்ளபடி வரைந்தார்.

வீட்டு வாத்து அடைக்கு உட்காராமல் போனதும், வாத்து முட்டையைக் கோழிக்கு நாம் அடைவைப்பதும், வளர்த்த குஞ்சு தண்ணீரில் இறங்கினால் கோழி கரையில் பதறுவதும் அன்று முதல்தான். என் வீட்டு அடுப்பு எரிவது அந்த வாத்தின் சூட்டிலும் அந்தக் கோழி கூடுதலாக உட்கார்ந்த ஏழு நாளிலும்தான். அதை நான் மறக்கமாட்டேன்.

நேற்று மண்டபத்துக்குப் போனேன். கோழி கழுத்தை நீட்டி, உன் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்கிறது. எதிரே ஒன்றும் இல்லை. தேங்காய் நாரும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வா. மெதுவாகத் தேய். வாத்தும் ஒன்பது குஞ்சும் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நிற்பேன். எட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்காதே. இதில் பேரம் கிடையாது.