கோளரிவர்மனின் மெய்க்கீர்த்தி

தேன்கரை நாட்டை ஆண்ட கோளரிவர்மனுக்குப் பக்தி அதிகம். எந்தச் சாமி மேல் என்று கேட்காதீர்கள். தன் மீசை மேல்தான். அதே மீசையோடு ஒரு சிலை செய்து, மீசைநாதர் என்று பெயர் சூட்டி, நாட்டில் எல்லோரும் இனி இவரையே கும்பிட வேண்டும் என்று முரசறைவித்தான்.

பெரும்பாலோர் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். சிலருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அவர்களையெல்லாம் பிரதானி தில்லைவிடங்கன் பிடித்துச் சிறையில் போட்டான். யாராவது கேட்டால், "சிறையா? அது காலியாகக் கிடக்கிறது" என்பான்.

நாவிதர் கருத்தாண்டியின் மனைவி பூவாயி தினமும் அரண்மனை வாசலில் வந்து நின்றாள். "எம் புருசன் உசுரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க சாமி" என்று கேட்டாள். அப்படி ஓர் ஆளே இங்கே இல்லை என்று விரட்டினார்கள். அதைப் பார்த்த அரசவைப் புலவர் கூத்தபிரானுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து நாட்டுத் தூதர் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. உடனே அரசனுக்கு ஒரு மெய்க்கீர்த்தி வேண்டும் என்று ஆசை பிறந்தது. யாரை வென்றான், யாரைச் சிறைபிடித்தான் என்று கல்வெட்டின் தலைப்பில் அரசனைப் புகழ்ந்து வெட்டுவார்களே, அதுதான்.

"நீளமாக இருக்க வேண்டும், புலவரே. ஆனால் பொய் ஒரு வரிகூடக் கூடாது. என் மாமனார் கடல் கடந்து வென்றதாகக் கல்லில் வெட்டினார். குளத்தில் இறங்கவே பயப்படுகிறவர் அவர். ஊரே சிரித்தது."

கோளரிவர்மன் போர்க்களத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தும் கூத்தபிரான், "ஆகட்டும் அரசே" என்றார்.

விருந்தன்று அவை நிறைந்திருந்தது. கல்தச்சர் உளியோடு தயாராக நின்றார். கூத்தபிரான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"பொன்முடி சூடி, போர்க்கோலம் பூண்டு, மாரியம்மனையே கும்பிடுவேன் என்ற அப்பக்கடை நாச்சியை அடுப்படியில் வளைத்து, கரண்டி பறித்துச் சிறைபிடித்தருளி..."

அவையில் யாரோ இருமினார்கள்.

"அருகனை வணங்கும் சமணன், எறும்புக்கும் தீங்கு நினையாத எண்ணெய் வாணிகன் சாந்தப்பனை யானைப் படையால் முற்றுகையிட்டுக் கைப்பற்றி, அரசரின் மீசை இடப்பக்கம் சற்று இறங்கியிருக்கிறது என்ற நாவிதன் கருத்தாண்டியைக் கத்தியும் கிண்ணமுமாக வென்று, கொடுஞ்சிறை வைத்த கோளரிவர்மன்..."

தூதர் சால்வையை வாயில் திணித்துக்கொண்டார். வாசலில் நின்ற பூவாயி, "இருக்காரு... இருக்காரு" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"நிறுத்தும்!" என்றான் அரசன். "இதென்ன கூத்து?"

"தங்கள் வெற்றிகள், அரசே. வேறு தேடினேன், அகப்படவில்லை. பொய் கூடாது என்று கட்டளை வேறு."

பிரதானி குறுக்கே பாய்ந்தான். "அத்தனையும் பொய்! சிறையில் ஒருவரும் இல்லை."

"அப்படியானால் நான் பொய்யன்தான். தூதரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். எந்தத் தண்டனைக்கும் தயார்."

"பார்க்கலாமே" என்று தூதர் எழுந்தார்.

அரசன் பிரதானியை முறைத்தான். "இருங்கள், பாயசம் குடித்துவிட்டுப் போகலாம்" என்றான் தூதரிடம்.

பிரதானி ஓடினான் பாருங்கள், வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தூதர் பாயசத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சிறையின் பின்வாசல் வழியாக அத்தனை பேரையும் வெளியே தள்ளினான். பூவாயியின் புருசனும் வீடு போய்ச் சேர்ந்தார்.

தூதர் போய்ப் பார்த்தார். சிறை காலி. தட்டுகளில் மட்டும் கூழ் காயாமல் இருந்தது.

அவர் அவைக்குத் திரும்பியதும் அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பார்த்தீரா, புலவரே? அவையில் பொய் சொன்னதற்குத் தண்டனை என்ன தெரியுமா? சிறை!"

"உத்தரவு, அரசே" என்று வணங்கிய கூத்தபிரான், கல்தச்சர் பக்கம் திரும்பினார். "ஆசாரியாரே, பழைய வரிகளை விட்டுவிடுங்கள். புதிதாக ஒரு வெற்றி கிடைத்திருக்கிறது. 'சிறையில் யாருமே இல்லை என்று காட்டுவதற்காகப் புலவனைச் சிறையில் போட்ட கோளரிவர்மன்' என்று வெட்டுங்கள். தூதரே சாட்சி, இதில் பொய் ஒரு வரிகூட இல்லை."

அரசன் கோபமாக மீசையை முறுக்கினான். பிறகு அவனுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தோளிலிருந்த பட்டுச் சால்வையை உருவிப் புலவருக்குப் போர்த்திவிட்டுக் கத்தினான்: "யாரங்கே, முதலில் அந்த ஆசாரியின் உளியைப் பிடுங்குங்கள்!"