ஆரத்தித் தண்ணீர்

முன்னொரு காலத்தில் கீழாற்று நாட்டை வேலங்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, பாவம். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். அமைச்சர் மருதவாணருக்கு இதனால் தலைவலி. அவர்மேல் பொறாமை கொண்ட அரண்மனை அதிகாரி தாண்டவராயருக்குக் கொண்டாட்டம்.

அந்த வருஷம் ஆறு கரையுடைத்துப் புளியங்கரை என்ற ஊரை மூழ்கடித்தது.

"குடிதண்ணீர் வண்டிகளை உடனே அனுப்ப வேண்டும், அரசே" என்றார் மருதவாணர்.

"தாங்கள் நேரில் போகும்போது தோரணம் வேண்டாமா? அந்த வண்டிகளில்தான் வாழைமரம் ஏற்றியிருக்கிறேன்" என்றார் தாண்டவராயர். அவர்தான் கடைசியாகப் பேசினார்.

வெள்ளம் வடிந்து, வாழைமரம் கட்டி, நல்ல நாளும் பார்த்த பிறகு ராஜா பல்லக்கில் போய் இறங்கினான். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஊரே கத்தியது. ஆரத்தி எடுக்க நிறுத்தப்பட்டிருந்த வீராயி தட்டைச் சுற்றவில்லை. தட்டிலிருந்த தண்ணீரை அப்படியே ராஜாவின் முகத்தில் வீசினாள். அதில் மஞ்சள்கூட இல்லை, வெறும் கலங்கல் தண்ணீர்.

"வீசிய கையை வெட்ட வேண்டும்" என்றார் தாண்டவராயர்.

"வெட்டுங்கள்" என்றான் ராஜா.

மருதவாணர் பணிவாகக் குறுக்கே வந்தார். "வெட்டலாம் அரசே. ஆனால் முகம் கழுவாமல் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமில்லையே."

"அதுவும் சரிதான். தாண்டவராயரே, தண்ணீர்."

தாண்டவராயர் ஓடினார். எட்டிப் பார்த்த கிணற்றிலெல்லாம் சேறு. வெயில் ஏற ஏற ராஜாவின் முகத்தில் சேறு காய்ந்து இழுத்தது. நாக்கும் வறண்டது.

"ஒரு செம்புத் தண்ணீர்கூடவா இல்லை?"

"இருந்துச்சு ராசா" என்றாள் வீராயி. "எம்புள்ளைக்குத் தெளிய வச்சிருந்தேன். தெளியறதுக்குள்ள ஆரத்திக்கு வேணும்னு இந்த ஐயாதான் புடுங்கித் தட்டுல ஊத்துனாரு. அதைத்தான் உங்க மூஞ்சியில ஊத்துனேன்."

தோரண வாழையின் நிழலில் அவள் குழந்தை உதடு வெடித்துக் கிடந்தது. தாண்டவராயர் வாயைத் திறந்தார்.

"இன்று நீங்கள் கடைசியாகப் பேச வேண்டாம்" என்றான் ராஜா. "நீ சொல்லம்மா, நான் என்ன செய்யட்டும்?"

"கெணத்தத் தூர் வாருங்க."

வண்டிகள் மிச்சத் தோரணத்தை இறக்கிவிட்டுத் தண்ணீருக்குப் பறந்தன. ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கிணற்றில் இறங்கினான். வீராயியும் ஊராரும் கூடவே இறங்கினார்கள். சேற்றுக் கூடையைத் தாண்டவராயர் சுமந்தார்.

சாயங்காலம் வண்டிகள் வந்தன. கிணற்றிலும் ஊற்றுக் கண் திறந்தது. முதல் தண்ணீர் குழந்தைக்கு. ஊரே குடித்து முடிக்கும்வரை ராஜா காய்ந்த முகத்தோடு கடைசியில் நின்றான். வீராயி செம்போடு வந்தாள்.

"குனிங்க ராசா."

குனிந்தான். அவள் முகத்தைக் கழுவி, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"முகம் கழுவியாயிற்று அரசே" என்றார் மருதவாணர். "தீர்ப்பு?"

ராஜா அவளுடைய கையைப் பார்த்தான். சேறு தோண்டி நகம் பெயர்ந்திருந்தது.

"கிணற்றைத் தூர் வாரச் சொல்லி இவள் காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள், மருதவாணரே."

அதன் பிறகு அந்த நாட்டில் எங்கே வெள்ளம் வந்தாலும் தண்ணீர் வண்டி முன்னால் போகும், ராஜா அதன் பின்னால் நடந்து போவான். ஆரத்தி கிடையாது.