புகை குடித்த தெய்வங்கள்

டக். டக். டக். இருட்டிய பிறகு கோட்டைச் சதுக்கத்திலிருந்து இந்தச் சத்தம் வந்தால் பெல்லானா நகரத்தில் யாரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. அண்ணன் ராஜாவின் ஆட்கள் தம்பி ராஜாவின் சிலைக்கு மூக்கை உடைக்கிறார்கள், அவ்வளவுதான். போன மாதம் ஊர் தம்பி கையில் இருந்தது. அப்போது உடைந்தது அண்ணன் மூக்கு.

யவன தேசத்தில், அப்பன் செத்த மறுநாளே கிரீடத்துக்கு அடித்துக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். அண்ணன் அர்கெலான், தம்பி தியோகான். நாடாளத் தெரியாது. 'நானே தெய்வம்' என்று பறையடிக்க மட்டும் இருவருக்கும் தெரியும்.

விடிந்ததும் அண்ணன் சபையில் கர்ஜித்தான். "ஊரிலுள்ள கைக்குழந்தைகளை எல்லாம் கொண்டுவந்து கோட்டையில் அடையுங்கள்! பிணை! அப்புறம் எந்த அப்பன் தம்பி பக்கம் ஓடுகிறான், பார்க்கலாம்."

அரசனுக்குக் கடிதம் எழுதும் லாம்பிதோவின் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பிரபு, பிணை கேட்பது மனுஷர்கள் வேலை. தாங்கள் தெய்வமாயிற்றே! தங்கள் தம்பிகூட, கோயில் கருவறையில் மூன்று நாள் உட்கார்ந்து தன்னைத் தெய்வமென்று காட்டப் போகிறாராம். மனுஷன் நுழைந்தால் கையை வெட்டும் இடம் அது. ஊரே அவர் காலில் விழுந்துவிடும்."

"யாரு, அந்தக் கோழையா? நானும் உட்காருகிறேன்! குழந்தைகள் விஷயத்தைத் திரும்பி வந்து பேசலாம்."

அன்றே அவள் தம்பிக்கும் எழுதினாள்: "தங்கள் அண்ணன் உட்காரப் போகிறார்."

இருவரும் ஆயுதமில்லாமல் ஒரே கருவறைக்குள் போனார்கள். இரண்டு படைகளும் வாசலில் நின்றன. காளைகளைப் பலி கொடுத்தார்கள். யவனர் வழக்கப்படி புகை தெய்வத்துக்கு, கறி மனுஷருக்கு. நேற்றுவரை வெட்டிக்கொண்ட வீரர்கள் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். உள்ளே புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கதவு லேசாகத் திறந்தது. மோதிரம் போட்ட கை ஒன்று நீண்டது.

"லாம்பிதோ... ஒரு எலும்பாவது..."

அதற்குக் கீழே இன்னொரு கை. "அம்மா தாயே, எனக்கும்!"

லாம்பிதோ குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உரக்கக் கேட்டாள். "தெய்வத்தின் கை என்றால் எலும்பு எதற்கு? மனுஷன் கை என்றால்... தளபதி ஐயா, என்ன செய்யணும்?"

"வெட்டணும்" என்றார் அண்ணன் படையின் தளபதி, கறியை மென்றபடியே. அவர் வீட்டிலும் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வாளை உருவினார்.

இரண்டு கைகளும் விருட்டென்று உள்ளே போயின. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள்.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள்.