களிமண் வீட்டுப் பந்தி

மண்ணியல் துறையில் மூன்று ஆய்வு மாணவர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று வளாகத்தில் பேச்சு. அது அபாண்டம், அவ்வளவு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அவர்களில் மாசிலாமணிக்குத்தான் தலைபோகிற அவசரம். கையில் இருப்பது கடைசிப் பிடி களிமண். அது எவ்வளவு அயனிகளைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் அளந்து சொல்லாவிட்டால் ஆய்வு ரத்து. மாமனாரின் பாத்திரக் கடையில் போய் உட்காரவேண்டியதுதான்.

பேராசிரியை பவளக்கொடி தெளிவாகத்தான் சொன்னார். "களிமண் கல்யாணப் பந்தி மாதிரி. பழைய அயனிகள் இலையில உட்கார்ந்திருக்கு. புதுக் கரைசலை ஊத்தினா அடுத்த பந்தி வந்திடும். இதுங்க எழுந்து கீழே வடிஞ்சிடும். எழுந்தவங்களை எண்ணினா எத்தனை இலைன்னு தெரியும். அவ்வளவுதான்." வகுப்புக்குப் போய்விட்டார்.

ஊற்றினார்கள். புனலில் விரித்திருந்த வடிதாளைக் களிமண் அடைத்துக்கொண்டது. புனலிலிருந்து சொட்டுகூட இறங்கவில்லை.

"யாருமே எழுந்திருக்கலையே," என்றான் மாசிலாமணி.

"எப்படிடா எழுந்திருப்பாங்க? இன்னும் மோர் போடலையே," என்றான் கோவர்தனன்.

"மோருக்கு முன்னாடி பாயசம்," என்றான் ஏகாம்பரம். "முறைன்னு ஒண்ணு இருக்கு."

கேன்டீனிலிருந்து பாயசம் வந்தது. புனலில் ஊற்றினார்கள். பிறகு மோர். யாரும் குறை சொல்லிவிடக்கூடாதே என்று ஒரு வாழைப்பழமும் வைத்தார்கள்.

மாசிலாமணி புனலைக் கும்பிட்டு, "நிதானமா சாப்பிடுங்க," என்றான்.

"நிதானமாவா? உன் ஆய்வே போகுது. பின்னாடி போய் நில்லுடா. நாற்காலிக்குப் பின்னாடி ஆள் நின்னாத்தான் சாப்பிடறவன் எழுந்திருப்பான்," என்றான் கோவர்தனன்.

மூவரும் புனலுக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் ஜன்னல் வழியாக எறும்புகள் சாரிசாரியாக வந்துவிட்டன.

பவளக்கொடி திரும்பிவந்தார். "எண்ணியாச்சா?"

"எழுந்தவங்க யாருமில்ல மேடம். வர்றவங்கதான் கூடிக்கிட்டே போறாங்க."

புனலைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு கலைந்தது. இருந்ததே ஒரு பிடி மண், அதில் போய்ப் பாயசமா, இன்றோடு எல்லாம் ரத்து என்று குதித்தார்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது.

"அழாதடா," என்று காதோரம் சொன்னான் ஏகாம்பரம். "பந்தியில இப்படிக் குதிக்கிறது மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான். அவங்களுக்குப் பாயசம் போகலை, அதான்."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பேராசிரியைக்கு முன்னால் புது வடிதாள் ஒன்றை விரித்து, தண்ணீர் தெளித்து, மிச்சமிருந்த பாயசத்தை ஊற்றினான்.

"கவனிக்காம விட்டுட்டோம், மன்னிச்சிடுங்க சம்பந்தி. உட்காருங்க."