இரண்டு டாக்கு

நாமக்கல் பக்கம் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே மேஸ்திரி ஒரு பெண். மரகதம் என்று பேர். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவளிடம் வெல்டிங் படித்துக்கொண்டிருந்த ஆறுச்சாமிக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

லாரி ஓட்டியவர்தான். இடுப்பு விட்டுப்போய், வண்டியை விட்டு இறங்கிவிட்டார். ஓட்டத் தெரிந்ததைக் கட்டவும் தெரிந்துகொள்வோமே என்று வந்தவர். தன்னைவிடச் சின்னவளை வாய் நிறைய மேஸ்திரி என்று கூப்பிட அவருக்குக் கூச்சம் கிடையாது. மரகதமும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தப்பாக ஒட்டினால் அதே அண்ணாவைச் சேர்த்துத்தான் திட்டுவாள்.

ஒருநாள் மத்தியானம், சோற்றுப் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆறுச்சாமி அவள் முன்னால் வந்து நின்றார்.

"மேஸ்திரி, ஒரு சமாச்சாரம் கேக்கணுமுங்க."

"கேளுங்ணா."

"வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கலாம்னு இருக்கறேன். எது வாங்கட்டுமுங்க? கடையில கேட்டா ஒருத்தன் பழைய காயில் மெஷின்தான் உழைக்கும்ங்கறான். இன்னொருத்தன் இன்வெர்ட்டர்ங்கறான். இருநூறு ஆம்ப்ஸ்ங்கறான், நூத்தம்பதே போதும்ங்கறான். தலை சுத்துது."

பக்கத்தில் ஒரு கதவுக்குப் பிரைமர் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் குழந்தைவேலு திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, வீட்டுலயே பட்டறை போடறீங்களா? மேஸ்திரி, ஆள் உங்களுக்குப் போட்டியா வர்றாப்ல!"

"போட்டி போடற ஆளு இன்னும் மேடு பள்ளமா ஒட்டிக்கிட்டு இருக்காது" என்றாள் மரகதம். குழந்தைவேலு சிரித்தார். ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

அதை மரகதம் பார்த்தாள்.

"வீட்டுல ஒயரிங் எப்படி?"

"சிங்கிள் பேஸ்தானுங்க. மோட்டாருக்குத் தனியா லைன் இழுத்திருக்கு."

"எர்த் இருக்குதா?"

"குழி வெட்டிப் போட்டிருக்குதுங்க."

"சரி. எதை ஒட்டப் போறீங்க?"

"கேட்டைத்தானுங்க. வாசல் கிரில் கேட்டு."

"புதுசாச் செய்யறீங்களா?"

"இல்லீங்க. இருக்கறதுதான்."

"உடைஞ்சு போச்சா?"

"இல்லீங்க. டாக்கு வைக்கணும்."

ரெண்டு இரும்பைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த வைக்கிற சின்னப் பொட்டுக்குப் பட்டறையில் டாக்கு என்று பேர்.

"டாக்கா? எங்க?"

"கேட்டு சாத்துற இடத்துலதானுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"எப்போ?"

ஆறுச்சாமி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தினமும் காலைலங்க. இங்க கிளம்பும்போது ஒட்டிட்டு வந்துருவேன். சாயங்காலம் போயி கிரைண்டர் போட்டு அறுத்துட்டு உள்ள போவேன்."

குழந்தைவேலுவின் பிரஷ் நின்றுவிட்டது.

"உள்ள யாரு இருப்பா?" என்று மரகதம் கேட்டாள்.

"சுகந்திங்க. என் பொண்ணு."

அதற்கப்புறம் அவர் சொன்னார். சத்தமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

சுகந்தி புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். வந்தபோது ஒரு காதில் தோடு இல்லை. தோடு இருந்த இடத்தில் காதும் சரியாக இல்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. அம்மா இல்லாத பிள்ளை. சோறு போட்டுப் படுக்கச் சொன்னார்.

மருமகன் தேடிக்கொண்டு வந்தான். சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. எதிரே பால் சொசைட்டிப் படியில் உட்கார்ந்தான். கடலை உரித்துத் தின்றான். எழுந்து போனான். மறுநாளும் வந்தான்.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தமுங்க. கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டாங்க. கொஞ்ச நாள் காணலை. அப்புறம் பாத்தா, காலைல வாசல்ல கடலைத்தோல் கிடக்குது. ராத்திரி வந்து உக்காந்திருக்கறான். கூட்டித் தள்ளுவேன். மறுநாளும் கிடக்கும். அவன் மூஞ்சியைப் பாக்கறதுகூட ஒண்ணுமில்லீங்க மேஸ்திரி. அந்தத் தோலைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் போயிருது."

"ம்."

"முந்தாநேத்து, பூட்டு அறுந்து கிடந்துது. கடலைத்தோல் கேட்டுக்கு உள்பக்கம் கிடந்துது."



"உள்ள வந்திருக்கான். கதவைத் தட்டக்கூட இல்லை. திங்கறதைத் தின்னுட்டுப் போயிருக்கான். வேற பூட்டு போட்டேன். நேத்து பகல்லயும் எதிர்ல வந்து உக்காந்திருந்தான்; நான் இங்க இருக்கறப்ப அதையும் அறுப்பான். எந்தப் பூட்டும் அறுபடுமுங்க. ஒட்டிப்போட்ட இரும்பை என்ன பண்ணுவான்? அதான் கேக்கறேன். எது வாங்கட்டும்?"

"சுகந்தி என்ன சொல்லுது?"

"அவகிட்ட இன்னும் சொல்லலீங்க."

"ஏனுங்ணா?"

"பயந்துக்குவா."

"இப்பப் பயமில்லாமயா இருக்குது?"

"அது வேற பயமுங்களே" என்றார் ஆறுச்சாமி. சொன்ன பிறகு, அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததே அவருக்குப் பிடிக்காததுபோல உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

மரகதம் எழுந்தாள். பட்டறையின் கடைசியில் ஒரு பார்சல் லாரிக்கான பாடி, வண்டியில் ஏற்றாமல் கட்டைமேல் நின்றிருந்தது. நாலு பக்கமும் தகரம். ஜன்னல் இல்லை. பின்னால் இரட்டைக் கதவு.

"இதுக்குள்ள ஏறுங்ணா."

ஏறினார்.

"வெளிய நான் ரெண்டு டாக்கு வைக்கப் போறேன். உங்களுக்குச் சம்மதமா?"

ஆறுச்சாமி உள்ளிருந்து பார்த்தார். "டாக்குதானுங்களே. வைங்க. நான் கொல்லிமலை கொண்டை ஊசியில லோடு ஏத்துனவன்."

"சரி."

கதவைச் சாத்தினாள். இருட்டிவிட்டது. ஆணி அடிக்காத ரிவெட் ஓட்டைகள் வழியாக மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக உள்ளே வந்தது. கதவிடுக்கில் நீல ஒளி ஒருமுறை வெட்டியது. மேலே. பிறகு கீழே. புகை உள்ளே நுழைந்தது. வெல்டிங் ராடு கருகிய நாற்றம். அவ்வளவுதான்.

அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. நல்ல டாக்கு என்று நினைத்துக்கொண்டார். தைரியமாகக்கூட இருந்தது. எவன் வருவான் இதற்குள்?

கொஞ்ச நேரம் போனது. சித்திரை வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு நனைந்தது. சுவரில் சாயலாம் என்று பார்த்தால் சுட்டது. உட்கார்ந்தார். தரையும் சுட்டது. எழுந்தார்.

சுகந்தி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்தார். துணி காயப்போட வாசலுக்கு வருவாள். வர முடியும், கேட்டு வரைக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருப்பான். அவள் உள்ளே போய்விடுவாள். அப்புறம்?

அப்புறம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது வெளியே ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர்களெல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. கம்ப்ரசரும் நின்றது. யாரோ "ஓ" என்று கத்தினார்கள்.

கரண்ட் போய்விட்டது.

ஆறுச்சாமி மறுபடி கதவைத் தள்ளினார். கரண்ட் இல்லாமல் கிரைண்டர் ஓடாது. அறுக்க முடியாது. இதை அவர் யோசிக்கவே இல்லை. இத்தனை நாள், இத்தனை ராத்திரி யோசித்ததில் இது ஒன்று மட்டும் வரவே இல்லை.

"மேஸ்திரி" என்று கூப்பிட்டார்.



"குழந்தைவேலு! அட, யாராச்சும் இருக்கீங்களா?"

ஒரு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். செம்மண் தரை கொஞ்சம் தெரிந்தது. ஒரு டயரின் விளிம்பு தெரிந்தது. ஆள் யாருமில்லை. கண்ணை எடுத்ததும் உள்ளே முன்னைவிட இருட்டாக இருந்தது.

திடீரென்று கதவில் அடி விழுந்தது.

டம்மென்ற சத்தம் தகரம் முழுக்க ஓடி அவர் காதுக்குள் வந்து நின்றது. மறுபடி அடி. இரும்பின்மேல் இரும்பு. யாரோ உடைக்கிறார்கள்.

"யாரு?"

அடி.

"யாரது? மேஸ்திரியா?"

அடி. அடி. அடிப்பவர் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மேலே இருந்த டாக்கு விட்டது. கதவு கொஞ்சம் விரிந்து, ஒரு கோடு வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்தக் கோட்டில் ஒரு நிழல் ஆடியது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

ஆறுச்சாமி பின்னால் போனார். இன்னும் போனார். தகரம் முதுகில் சுட்டதும் அதற்கு மேல் போக இடமில்லை என்று தெரிந்தது. கை எதையாவது தேடியது. ஒரு சுத்தியல், ஒரு கம்பி, ஒரு கல். ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்குள் அவரைத் தவிர ஒன்றுமே இல்லை.

கீழ் டாக்கும் விட்டது. கதவு திறந்தது.

மரகதம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் உளி, ஒரு கையில் சம்மட்டி. பின்னால் குழந்தைவேலு, தலையைக் குனிந்துகொண்டு.

"அதைக் கீழ போடுங்ணா" என்றாள்.

ஆறுச்சாமி கையைப் பார்த்தார். ஓங்கிய கையில் செருப்பு இருந்தது. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

இறங்கினார்.  கட்டைமேல் உட்கார்ந்தார். குழந்தைவேலு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"கூப்பிட்டனுங்களே" என்றார். "குரல் குடுக்கக் கூடாதுங்களா?"

"வர்றவன் குரல் குடுத்துட்டா வருவான்?"

ஆறுச்சாமி மூச்சு வாங்கினார்.

"கரண்ட் நெசமாலுமே போயிருச்சுங்களா? இல்லை, நீங்கதான் மெயினை இறக்குனீங்களா?"

மரகதம் உளியைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள்.

"உங்க ஊருல கரண்ட் போகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகுதுங்களா?"

கிரைண்டர் ஒன்றும் ஓடாத பட்டறை பெரிதாகத் தெரிந்தது. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆறுச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டார். 

"அப்ப மெஷின் வேண்டாங்கறீங்க."

"நான் எப்பச் சொன்னேன்? வாங்குங்க."

"வாங்கட்டுமுங்களா?"

"வாங்குங்க. வீட்டுல இருக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஆரம்பத்தில் கேட்டதையே மறுபடி கேட்டார்.

"எதுங்க? காயில் மெஷினா, இன்வெர்ட்டரா? எத்தனை ஆம்ப்ஸ்?"

"நாளைக்கு சுகந்தியைப் பட்டறைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க."

"ஐயோ மேஸ்திரி, அவ எப்படிங்க வெளிய வருவா? எதிர்ல அவன் உக்காந்திருப்பானே."

"உக்காந்திருப்பான். கூட்டிக்கிட்டு வர நானும் வர்றேன். குழந்தைவேலண்ணனும் வருவாரு."

குழந்தைவேலு தலையாட்டினார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

"அவ எதுக்குங்க மேஸ்திரி? மெஷினைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

மரகதம் ஒட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியை எடுத்து மேலே இருந்த தூசியை ஊதினாள்.

"இங்க வந்து தொழில் படிச்சு, ஹோல்டரைப் புடிச்சு ஒட்டப் போறது அந்தப் பிள்ளைதான். எந்த மெஷின்னு அதுகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."