காயாத பெயிண்ட்

கோத்தகிரிச் சரிவில் சாம்பியன் ரத்னவேல் சைக்கிளில் இறங்குவதைப் படமாக்குவதுதான் ஜெசிந்தாவுக்குக் கிடைத்த முதல் வேலை. அவர் நெஞ்சில் கேமராவை வாரால் இறுக்கிக் கட்டியும், அவர் இறங்கிய மூன்று முறையும் படம் குலுங்கியது.

"சல்லடையில போட்டுச் சலிச்ச மாதிரி இருக்கு! இன்னொரு தடவை ஆடினா வேற ஆளைக் கூப்பிட்டுக்குவேன்," என்று எல்லார் முன்னாலும் கத்தினார் ரத்னவேல்.

குறை எங்கே என்று ஜெசிந்தா கண்டுபிடித்துவிட்டாள். கல்லிலும் பள்ளத்திலும் சாம்பியன் சீட்டைவிட்டு எழுவதே இல்லை. விழுகிற அடியெல்லாம் நேராகக் கேமராவுக்கு ஏறியது. ஆனால் சாம்பியனுக்கு யார் பாடம் சொல்வது?

"சார், பளபளன்னு தெரியட்டும்னு சீட்டுக்கு இப்பத்தான் கறுப்புப் பெயிண்ட் அடிச்சேன். இன்னும் காயலை. உங்க வெள்ளை பேன்ட் பத்திரம்!"

ரத்னவேல் பதறிப்போனார். உச்சியிலிருந்து அடிவாரம் வரை பெடலில் நின்றபடி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, பூனைபோல இறங்கினார். இந்த முறை படம் துளியும் குலுங்கவில்லை.

"பார்த்தியா, இதான் சாம்பியன்!" என்று மார்தட்டினார். "சரி, அந்த சீட்டைத் துடை."

ஜெசிந்தா வெள்ளைக் கைக்குட்டையால் சீட்டை அழுத்தித் துடைத்து, எல்லாரும் பார்க்க விரித்துக் காட்டினாள். செம்மண் தூசிதான் இருந்தது. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"காஞ்சிருச்சு போல, சார். அடுத்த தடவைக்கு இன்னொரு பூச்சு பூசட்டுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரத்னவேலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வேணாம்மா, நின்னே ஓட்டுறேன். கேமராவை நீயே கட்டு!"